நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் பண்டிகை வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில், டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிய படத்தை நான் இங்கே போட்டதும், ஊரிலிருக்கும் பகுத்தறிவு நண்பர்கள் சிலர் வருத்தத்தோடு எழுதுகிறார்கள். சாமி கும்பிடாத குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு, ஸ்காட்லாந்துக்குப் போனபின் ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லித் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் பருவகாலச் சடங்குகள் தேவை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அவற்றை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் மனம் போன போக்கில் உருவாக்கினால் இரண்டாம் வருடமே சலித்துவிடும்.

முதலில், நான் அடிப்படையாக எடுத்துக்கொண்ட பேகன் பண்டிகைகளைப் பற்றிக் கொஞ்சம். இன்று மேற்கு நாடுகளில் பேகன்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் புதுப்பிக்க முயல்பவர்கள், ஆண்டை எட்டுப் பண்டிகைகள் கொண்ட ஒரு சக்கரமாகப் பார்க்கிறார்கள். பகல் மிகக் குறைந்த நாள், மிக நீண்ட நாள், இரவும் பகலும் சமமாகும் இரண்டு நாள்கள். இவற்றின் இடையிடையே பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மே தொடக்கத்தில் பெல்டேன், ஆகஸ்டில் லூனசா, அக்டோபர் கடைசியில் சவின் (என் டர்னிப் விளக்கு அன்றைக்குத்தான்). இது ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அப்படியே கைமாறி வந்தது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இடையில் வரும் நான்கும் பழைய அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் நாள்கள்தான். ஆனால் எட்டும் ஒரே சக்கரமாகச் சேர்ந்தது 1950களில், இங்கிலாந்தில். சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஜெரால்டு கார்ட்னர். இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்து, பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பிரிட்டனில் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு விக்கா என்ற புதிய பேகன் மார்க்கத்தை வெளிப்படையாகப் பரப்பினார். இரவும் பகலும் சமமாகும் செப்டம்பர் பண்டிகைக்கு மேபன் என்று ஒரு பெயர் புழங்குகிறதே, அது 1970களில் ஓர் அமெரிக்கர் சூட்டியது. மேபன் வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில் வரும் பாத்திரம். அறுவடைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்தப் பண்டிகைகள் மேல் பிடிப்பு கூடியதே தவிர குறையவில்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் சிலர் உட்கார்ந்து ஓர் ஆண்டு வட்டத்தை வகுக்க முடிந்தது என்றால், என் வீட்டுக்கு ஏற்றபடி நானும் வகுத்துக்கொள்ளலாம். பழமை வேண்டும் என்றால் சூரியனைவிடப் பழையது எது?

நான் இருக்கும் எடின்பரோவில் டிசம்பர் 21ஆம் தேதி வாக்கில் பகல் ஏழு மணி நேரம்கூட முழுதாக இருப்பதில்லை. காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, மாலை மூன்று நாற்பதுக்கு முடிந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் அதுவே பதினேழரை மணி நேரம். சென்னையில் ஆண்டின் மிகக் குட்டையான பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். அந்த வெளிச்சத்தில் வளர்ந்த உடம்பு, இந்த இருட்டை ஒரு செய்தியாகக் கேட்டுவிட்டுக் கடந்துபோக முடியாது. இங்கே வந்த எத்தனையோ தமிழர்கள் நவம்பரில் காரணம் புரியாமல் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையும் விளக்கு சிகிச்சையும் தேவைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் இருட்டுக்கு ஓர் அடிமட்டம் உண்டு, அது இன்ன தேதி, அன்றைக்குப் பிறகு ஏற்றம்தான் என்று வீட்டோடு சேர்ந்து எண்ணிக் காத்திருப்பது வேறொரு வகைத் துணை.

இந்தத் துணையைத் தேடியவர்கள் நாம் மட்டும் இல்லை. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற கல்லறை மேடு இருக்கிறது; கி.மு. 3200 வாக்கில் கட்டியது. வாசலுக்கு மேலே ஒரு சிறிய கல்திறப்பு. பகல் மிகக் குறைந்த நாள்களில், விடியலில், அந்தத் திறப்பு வழியாக வெயில் நுழைந்து நீண்ட நடைவழியைக் கடந்து உள்ளறைத் தரையைத் தொடுகிறது. பதினேழு நிமிடம், அதன்பின் மறுபடியும் இருள். அகழாய்வாளர் மைக்கேல் ஓ’கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே தனியாக நின்று அதைப் பார்த்தார். இந்தக் காலத்தில் அதை முதலில் பார்த்தவர் அவர்தான். கட்டியவர்கள் எந்தத் தெய்வத்தின் பெயரைச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு வரி எழுத்து கிடையாது. அவர்கள் நம்பிக்கை போய்விட்டது, கணக்கு நிற்கிறது. அந்தக் கணக்கின்மேல் என் வீட்டுச் சடங்கையும் நிறுத்துகிறேன்.

எங்கள் டிசம்பர் சடங்கு இதுதான். மூன்று மணிக்கு ப்ளாக்ஃபோர்டு குன்றில் ஏறுவோம். தென்மேற்கே பென்ட்லாந்து குன்றுகள் பக்கம் சூரியன் எங்கே இறங்குகிறது என்று மகள் நோட்டில் கோட்டோவியமாக வரைவாள். குன்றின் விளிம்பு, ஒரு கம்பம், அதற்கு எத்தனை விரல் தள்ளிச் சூரியன் என்று குறிப்பாள். ஜூன் 21 அன்று இரவு பத்து மணிக்கு அதே இடத்தில் நின்று வரைந்தால் சூரியன் வடமேற்கே மறைகிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு செங்கோணம். ஆறு மாதத்தில் தொடுவானத்தில் கால்வட்டம் நடந்திருக்கிறது! சென்னையில் இதில் பாதியளவுதான் நகரும். நோட்டில் பழைய பக்கங்களைப் புரட்டினால் அந்த நடை தெரியும். கீழே இறங்கி வந்து, வீட்டில் எல்லா மின்விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிடுவோம். மந்திரம், வேண்டுதல் எதுவும் கிடையாது. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் நிற்பதுதான் சடங்கு.

நேரம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புலம்பெயர்ந்த நாம் எந்தப் பண்டிகையையும் சனிக்கிழமைக்கு மாற்றிவிடுகிறோம். பொங்கல் ஏதோ ஒரு ஜனவரி வார இறுதியில், வாடகை மண்டபத்தில், மின்அடுப்பில் பொங்குகிறது. ஆள் கூட வேண்டும் என்பதும் விடுமுறை கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வானத்தை ஒட்டிய நாளை நம் வசதிக்கு நகர்த்தினால் அது வெறும் விருந்தாகிவிடும். நம்பிக்கை உள்ளவரைத் தெய்வம் வந்து கேட்கும் என்ற அச்சமாவது தேதியில் நிறுத்திவைக்கிறது. நம்பிக்கை இல்லாத நமக்குத் தேதிதான் பிடிமானம். வேலைநாளாக இருந்தால் பத்து நிமிடம் போதும், ஆனால் அன்றைக்கே.

இம்போல்க் வரும்போது இங்கே பகல் எட்டரை மணி நேரமாகியிருக்கும். ஆட்டுக் குட்டிகள் பிறக்கும் காலம். பனித்துளிப் பூக்கள் வெள்ளை வெள்ளையாகத் தலையை நீட்டும். அயர்லாந்தில் அது புனித பிரிஜித்தின் நாள். நாணற்புல்லில் சிலுவை முடைவார்கள். 2023 முதல் அதற்கு அரசு விடுமுறையே உண்டு. எனக்குப் பிரிஜித் அம்மையார்மீது மரியாதை உண்டு, பக்தி இல்லை. அதனால் சிலுவை முடைவதில்லை. நாங்கள் அன்றைக்கு மிளகாய் விதை போடுகிறோம். குளிர்நாட்டில் மிளகாய் காய்க்க நீண்ட காலம் பிடிக்கும், பிப்ரவரியில் வீட்டுக்குள் விதைத்தால்தான் கோடையில் பறிக்கலாம். ஈரமான காகிதத்தில் சுற்றி, ஹீட்டருக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைப்பேன். முளை வெள்ளையாக வளைந்து வெளிவருவதைப் பார்க்க வீட்டிலேயே போட்டி. ஆகஸ்டில் லூனசா அன்று முதல் காயைப் பறித்து, புதுமாவில் சுட்ட ரொட்டியோடு ஆளுக்கொரு கடி. இங்கே அது முதல் அறுவடைக்கும் முதல் ரொட்டிக்கும் உரிய நாள். மிளகாய் நாங்கள் சேர்த்தது.

பெல்டேனைக் கொண்டாடுவது கூட்டத்தோடு. கால்ட்டன் குன்றில் 1988 முதல் ஏப்ரல் 30 இரவு தீ விழா நடக்கிறது. மே ராணியும் பச்சை மனிதனுமாக வேடமிட்டவர்கள் மேளத்தோடு வருவார்கள். டிக்கெட் வாங்கிப் போகலாம். எனக்கு அதைவிட மறுநாள் விடியல் பிடிக்கும். ஆர்தர்ஸ் சீட் மலையில் மே முதல் தேதிப் பனித்துளியில் முகம் கழுவுவது இந்த ஊரின் பழைய வழக்கம். முகம் பொலிவு பெறும் என்பார்கள். நான் பொலிவுக்காகப் போகவில்லை. ஆறு மாதம் கையுறைக்குள் இருந்த கை, புல்லைத் தொடுகிறதே, அதற்காக.

அர்த்தம் தெரியாமல் சடங்கு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சவுத் குவீன்ஸ்ஃபெரியைக் காட்டுவேன். எடின்பரோவை அடுத்த சிற்றூர். ஆகஸ்ட் இரண்டாம் வெள்ளிக்கிழமை ஓர் உள்ளூர்க்காரர் தலை முதல் கால் வரை ஒட்டுமுள் காய்களை ஒட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆள் தாங்க, ஊர் முழுக்க நடப்பார். பர்ரிமேன் என்று பெயர். வழி நெடுக வைக்கோல்குழல் வழியாக விஸ்கி கொடுப்பார்கள். எதற்காகத் தொடங்கியது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை, பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஊர் அதை விடவில்லை. உடம்பு நோக ஒருவர் நடக்கிறார், ஊரே வெளியே வந்து பார்க்கிறது. அந்த உழைப்பே அதைத் தாங்கி நிற்கிறது.

இனி அந்த டர்னிப். பூசணிக்காய் அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம். ஸ்காட்லாந்தின் பழைய விளக்கு டர்னிப்தான். கல் மாதிரி இருக்கும். கத்தி வழுக்கும், தடித்த கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும், மணிக்கட்டு வலிக்கும். உள்ளே மெழுகுவத்தி வைத்ததும் மூடியின் அடிப்பக்கம் வெந்து, கிழங்கு கருகும் வாசனை வீடெங்கும் பரவும். அக்டோபர் 31 அன்று நாலரைக்கே இருட்டிவிடும். அந்த வெளிச்சத்தில் இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அன்றைய சாப்பாடு என் அம்மாவின் வெந்தயக் குழம்பு, மாமனாருக்குப் பிடித்த அவித்த கடலை. ஒரே ஒரு விதி: இறந்தவரைப் பற்றிச் சொல்லும் கதை உண்மையாக இருக்க வேண்டும், அவருடைய கோபமும் பிடிவாதமும் உட்பட. அம்மா வந்து சாப்பிடுகிறார் என்று நான் நம்பவில்லை. பாட்டியைப் பார்த்தே இராத என் மகளுக்கு, பாட்டி எதற்கெல்லாம் கோபப்படுவார் என்று தெரிந்திருக்கிறது.

பகுத்தறிவு நண்பர்களே, சடங்கு என்றாலே மதம் என்று நாம் எப்போது முடிவுசெய்தோம்? என் பெற்றோர் செய்துகொண்டது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தீ இல்லை. மாலை இருந்தது, உறுதிமொழி இருந்தது, சாட்சியாகக் கூட்டம் இருந்தது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் கேட்பதும் அவ்வளவுதான். உறவினர், நண்பர் முன்னிலையில் இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றலாம், அல்லது தாலி கட்டலாம். ஸ்காட்லாந்தில் மதச் சார்பற்ற மனிதநேயர் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு 2005இல்தான் கிடைத்தது. நாம் அதற்கு எவ்வளவோ முன்னோடிகள். அம்மா இறந்தபோது காரியம் செய்யவில்லை, படத்திறப்பு நடத்தினோம். அதுவும் சடங்குதானே! திருமணத்துக்கும் இறப்புக்கும் நாம் உருவாக்கினோம். வருடத்துக்கும் உருவாக்கலாம்.

இங்கிருக்கும் பேகன் தோழியர் சிலருக்கு வேறு மனக்குறை. தங்கள் புனித நாள்களைச் சாமியை நீக்கிவிட்டு எடுத்துக்கொள்கிறோமே என்கிறார்கள். அது நியாயமான வருத்தம். அதனால்தான் அவர்களுடைய தெய்வங்களின் பெயரை நான் உச்சரிப்பதில்லை, அவர்களுடைய பூசை முறைகளை நடித்துக்காட்டுவதில்லை. சூரியன் எல்லாருக்கும் பொது; வழிபாடு அவர்களுடையது.

சென்னையிலிருந்து ஒரு தங்கை, தானும் டிசம்பரில் யூல் என்னும் குளிர்காலப் பண்டிகைக்குக் கட்டை எரிக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆஸ்திரேலிய பேகன்களே யூலை ஜூன் மாதத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அப்போதுதான் குளிர்காலம். சென்னைக்கு ஸ்காட்லாந்தில் ஒருபோதும் நிகழாத அற்புதம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; மொட்டைமாடியில் ஒரு தம்ளரை வைத்தால் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். நிழலில்லா நாள். தெருக் குழந்தைகளைக் கூப்பிட்டு, தம்ளரைச் சுற்றிச் சாக்பீஸில் ஒரு வட்டம் போடச் சொன்னேன். பிறகு எல்லாருக்கும் மோரோ பானகமோ.

எடின்பரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்கள் வரும் டிசம்பர் 21 அன்று எங்களோடு சேர்ந்துகொள்ளலாம். கிழமை எதுவானாலும் பகல் இரண்டே முக்காலுக்கு ப்ளாக்ஃபோர்டு குன்று அடிவாரத்தில். கையுறை, பிளாஸ்கில் சூடாக ஏதாவது, இறங்கும்போது குழந்தைகளுக்கு ஒரு டார்ச், வரைவதற்கு ஒரு நோட்டு. மேகம் மூடியிருந்தாலும் ஏறுவோம்.