மூளை ஸ்கேன் மனவுறுதியை அளக்காது

“குண்டாக இருப்பவர்களுக்கு மனவுறுதி கிடையாது, மூளை ஸ்கேன் நிரூபித்துவிட்டது” என்றொரு செய்தி மும்பை மாட்டுங்கா, தாராவித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

ஜிலேபிப் படத்தைப் பார்ப்பவரின் மூளையில் ரத்த ஆக்சிஜன் எங்கே மாறுகிறது என்பதைத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் மூளை ஸ்கேன் பதிவுசெய்கிறது. ஸ்கேன் படத்தில் தெரியும் சிவப்பு, கணினி பூசிய நிறம். பெரும்பாலும் பலரின் சராசரிக் கணக்கு. தனியொருவரின் குணத்துக்கு அது எப்படிச் சான்றாகும்?

பசியை ஆள்வது மனவுறுதி மட்டுமல்ல. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணுவை 1994இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தது. எடை குறைந்தால் லெப்டினும் குறையும். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதைப் பட்டினியாக எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும். வாயைக் கட்டி இளைத்தவர் மறுபடி பருக்க இது முக்கியக் காரணம். அவரைப் போய்ச் சோம்பேறி என்பது கொடுமை. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.