பனியை மழையாக்க வேண்டாம்

வெளிநாட்டுக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பேர், சாப்பாடு, ஊர் எல்லாவற்றையும் நம்ம ஊருக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புரியாது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கதையில் பனி கொட்டினால் பனியே கொட்டட்டும்.

குமரி மாவட்டத்துப் பிள்ளை பனி கொட்டிப் பார்த்ததில்லைதான். நீலிப் பேயை மட்டும் பார்த்திருக்கிறதா? கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வந்த கதையை ஆச்சி சொன்னபோது, கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகக் கேட்டபோது, எல்லாம் புரிந்தா பயந்தோம்?

முட்டத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீனத்து யே ஷியான் கதையைச் சொன்னேன். 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதி வைத்தது. தாயில்லாப் பெண் ஒரு மீன் வளர்க்கிறாள். சிவந்த செட்டை, பொன் கண். சித்தி அதைக் கொன்று தின்றுவிடுகிறாள். அந்த முள்ளை எடுத்து ஒளித்து வைத்து வேண்டிக்கொண்டால் கேட்டதெல்லாம் கிடைக்கும். இந்த இடத்தில் ஒரு வாண்டு, "முள்ள வச்சா நாறாதா மாமா?" என்றது. பதில் நான் யோசிப்பதற்குள் அக்காக்காரி, "உப்புப் போட்டு உணக்கியிருப்பா, கருவாடு மாதிரி" என்று முடித்துவிட்டாள். சீனப் பேர் யாருக்கும் தடையாக இருக்கவில்லை. கடைசியில் தங்கச் செருப்பு வந்ததும், "இது சிண்ட்ரெல்லால்லா!" என்று கத்தினார்கள். ஆமாம் மக்கா, ஆனால் பிரான்சில் பெரோ கண்ணாடிச் செருப்போடு அதை அச்சிட்டது 1697இல். இது அதற்கு எண்ணூறு வருஷம் மூத்தது. யே ஷியானை நான் மீனாட்சி ஆக்கியிருந்தால் இந்த ஆச்சரியம் அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

மாஸ்கோவிலிருந்து சல்லிசு விலைக்கு வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கோழிக்கால் குடிசையில் குடியிருந்த சூனியக்கிழவி பாபா யாகாவை யாரும் நமக்காக ஓலைக்குடிசைக்கு மாற்றவில்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக் கதைகளின் அனன்சியும் சிலந்தியாகவே வரட்டும். நரியாக்கினால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற நரிகளில் இன்னொன்று, அவ்வளவுதான்.

வயது பார்த்து ஒன்றிரண்டை விடலாம். கிரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லா கதையில் சித்தியின் மகள்கள் செருப்புக்குள் கால் நுழைய வேண்டுமென்று ஒருத்தி விரலையும் மற்றவள் குதிகாலையும் வெட்டிக்கொள்வார்கள். மூன்று வயதுக்கு, அதுவும் படுக்கப் போகும் நேரத்தில், அது வேண்டாம். ஆறேழு வயதானால் "ரத்தம் வந்துச்சா?" என்று அதுகளே கேட்கும். வந்தது என்று சொல்லுங்கள்.