ரெக்கார்டு நோட்டும் பேனல் போர்டும்

"காலேஜுல என்னத்ததான் சொல்லிக் குடுக்கானுவளோ!" திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் எந்த முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் புலம்பல்தான். மோட்டார், அதை இயக்கும் மின் பேனல் இவற்றின் பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவன் நான். அவர்கள் சொல்வதில் பாதி நிஜம். லேபில் ஒருத்தன் வயர் மாட்டுவான், சுற்றி நிற்கிற நாலைந்து பேர் ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். ரெக்கார்டு நோட்டு மட்டும் பளபளவென்று இருக்கும்.

போன வருடம் இன்ஜினியரிங் முடித்துச் சேர்ந்த தம்பியும் அப்படித்தான். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுகிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரின் படத்தைத் தாளில் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். பேனலைத் திறந்து "இதுல மெயின் காண்டாக்டர் எதுடே?" என்று, மோட்டாருக்குக் கரண்டைக் கொடுக்கிற முக்கிய ஸ்விட்சைக் கேட்டால் முழிப்பான். திட்டாமல் எங்கள் ஐடிஐ எலக்ட்ரீஷியனோடு சுற்றவிட்டேன்.

கொஞ்ச மாதம் கழித்து அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலை. அங்கே ஸ்டார் டெல்டாவில் ஓடுகிற ஒரு மோட்டார் அடிக்கடி எரியும், நாங்களும் ரீவைண்டிங் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தோம். நேம் பிளேட்டில் 20 ஆம்பியர், கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயும் 20-ல். "அண்ணாச்சி, ரிலே மெயின் காண்டாக்டருக்குக் கீழ இருக்கு. டெல்டாவில ஓடும்போது இது வழியா லைன் கரண்ட்ல 58 சதவீதம்தான் போகும். 11.6-ல வைக்கணும். 20-ல இருந்தா லோடு கூடினாலும் மோட்டார நிறுத்தாது" என்றான் தம்பி. அதுவரை எங்கள் யார் கண்ணிலும் படாத விஷயம். புத்தகத்தில் படித்தது வீண் போகவில்லை, பேனலுக்குள் இறங்க அவகாசம்தான் தேவைப்பட்டது.

அந்த அவகாசத்தை யார் கொடுப்பது? ஃபிரெஷர் வேண்டும் என்று விளம்பரம் போட்டுவிட்டு நேர்காணலில் அனுபவம் கேட்கிறோம். 1961-ன் அப்ரண்டிஸ் சட்டத்தில் 1973-லேயே இன்ஜினியரிங் பட்டதாரிகளையும் சேர்த்தாயிற்று. ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசே தருகிறது, சென்னை தரமணியில் அதற்கென்றே அலுவலகம் இருக்கிறது. நம்மூர்ப் பட்டறைகளில் இதைச் சொன்னால், "அது பெரிய கம்பெனிக்குல்லா?" என்கிறார்கள்!

கல்லூரிகளும் சும்மா தப்ப முடியாது. தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சி கோர்ஸ் நல்லதுதான், சரி. ஆனால் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி வருகிற பிள்ளையைத் தெரிந்தே பாஸ் போடுகிறீர்களே? ராதாபுரம், பணகுடி காற்றாலைகளில் சீசன் காற்று தொடங்குவதற்கு முன்னால், அந்தக் கடைசி செமஸ்டர் மாதங்களில்தான் பராமரிப்பு வேலை மும்முரமாக நடக்கும். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பூங்கா கூப்பிடு தூரம். ப்ராஜெக்டை அங்கே செய்யட்டும். கூடவே வாத்தியாரும் வரட்டும், அவருக்கும் பேனலைத் திறந்து பார்த்த மாதிரி இருக்கும்.

என் பட்டறையில் வரும் ஜனவரிக்கு இரண்டு பேருக்கு இடம் உண்டு. மதியச் சாப்பாடும் சேஃப்டி ஷூவும் என் பொறுப்பு. துறைத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸுக்கு வாங்க.