பழுது பார்ப்பதும் கணக்கில் வரும்

ஞாயிற்றுக்கிழமை நம் தையல் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; அங்கே இருந்தவர்களில் பாதிப் பேராவது இதைப் படிப்பீர்கள். ஆகவே யார் என்ன சொன்னார் என்ற விவரத்துக்குள் நான் போகவில்லை. புத்தாண்டில் செய்ய நினைப்பதை ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். பன்னிரண்டு குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை), இருபது குயில்ட், மாதம் இரண்டு என்று வாசிக்கப்பட்ட சீட்டுகளுக்கு நடுவே, என் சீட்டில் ‘ஒரு பழைய குயில்ட்டைப் பிரித்துச் சரியாகத் தைப்பேன்’ என்று மட்டும் இருந்தது. பழுது பார்ப்பதெல்லாம் கணக்கில் வராது, எண்ணைச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் வந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த சிரிப்பு இரண்டு நாளாக என் காதிலேயே இருக்கிறது.

கணக்கில் வரும் என்பதுதான் என் பதில். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், தொண்டை அடைத்துவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டியவள்தான். வருடத்துக்குப் பன்னிரண்டு குயில்ட். ஆண்டு முடிந்தபோது மேல்துணி மட்டும் இணைத்து மடித்து வைத்தவை ஐந்தும், பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைத்து, ஓரம் கட்டி முடித்தவை நான்கும் இருந்தன. அந்த நான்கில் ஒன்று என் தங்கையின் மகளுக்குப் போனது. மாதக் கணக்கு தவறிவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில், இரண்டு வார வேலையை நான்கு நாளில் முடித்துக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, குழந்தை அந்தக் குயில்ட்டின் மேல் படுத்துக்கொண்டு, பிரிந்துபோன ஒரு தையலுக்குள் விரலை விட்டுப் பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மஞ்சள் சதுரம் பிரிந்து, கறுநீல நூலால் பெரிய பெரிய தையலாக இழுத்து மூடப்பட்டிருந்தது. தையலே தெரியாத என் தங்கை, நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் சொல்லாமலே தானாகத் தைத்திருக்கிறாள்.

ஏன் பிரிந்தது என்பதைத் தைப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட வேண்டும். அவசரத்தில் நான் பல இடங்களில் அதில் பாதிகூட விடவில்லை. சில முறை துவைத்ததும் துணியின் இழை நழுவி, தையலை விட்டு வெளியே வந்துவிட்டது. பொருத்தமும் கெட்டிருந்தது. ஒரு தையலில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தவறினால், இரண்டு துண்டிலும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு. பன்னிரண்டு சதுரம் கொண்ட ஒரு வரிசையில் பதினொரு தையல் வருவதால், வரிசை முடியும்போது ஏறத்தாழ 1⅜ அங்குலம் விலகிவிடும். அப்படி விலகிய வரிசைகளை இழுத்துப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்திருந்தேன். என்னுடைய எண்ணிக்கையில் அது ‘முடிந்தது’ என்று பதிவானது.

பழைய துணியும் பழுதும் கணக்கில் வராது என்பவர்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் ஜீஸ் பெண்ட் பெண்களின் குயில்ட்டுகளை ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். உழைத்துத் தேய்ந்த வேலை உடுப்புகளைக் கிழித்து, குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைத்தவை அவை. சிலவற்றில், பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலச் சதுரமாகத் தெரியும். அந்த உடுப்பைப் போட்டிருந்தவர் எத்தனை காலம் வெயிலில் நின்றார் என்பதை அந்தச் சதுரம் காட்டிக்கொடுத்துவிடும். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை சுவரில் தொங்கின.

எண்ணே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்கான நினைவுக் குயில்ட் 1987 அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. அந்த எண்ணுக்கு முன் நான் தலைகுனிவேன். அது இழந்த மனிதர்களின் எண்ணிக்கை. நம் சீட்டுகளில் இருந்த இருபதும் இருபத்துநான்கும் யாருக்காக என்று அன்றைக்கு ஒருவராவது கேட்டோமா?

இலக்கு வைக்காவிட்டால் எதுவுமே முடியாது என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மடித்து வைத்த ஐந்து மேல்துணிகள் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. அதனால்தான் என் சீட்டின் பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தேன்: இது முடியும்வரை புதுத் துணி வெட்டமாட்டேன், தினமும் இரவு இருபது நிமிடம் உட்காருவேன். அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. விற்பதற்காகத் தைப்பவர்களுக்கு எண்ணிக்கை வேண்டாமா என்றால், வேண்டும். அது அவர்களுடைய பிழைப்பு, அதைப் பற்றி நான் பேசவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய் என்று நேற்று ஒரு தோழி கேட்டார். வேடிக்கை என்றால் நானும் சிரித்திருக்க வேண்டுமே. ஆறு ஆண்டுகளாக அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் துணியை இன்னொருவர் பிடித்து, ஊசி குத்திய விரலுக்குப் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறோம். என் தங்கை மகளின் குயில்ட் பிரிந்ததைப் பற்றி அங்கேதான் முதலில் சொல்லி அழுதேன். அது எந்தக் குயில்ட் என்று தெரிந்தவர்களும் அன்றைக்குச் சிரித்தார்கள். எண்ணைக் கேட்டதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மார்ச் மாதம் சீட்டுகளை மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றிருக்கிறார்கள். என் சீட்டை நான் மாற்றி எழுதித் தரப்போவதில்லை. தங்கையிடம் கேட்டு அந்தக் குயில்ட்டை வாங்கி வந்துவிட்டேன். நேற்றிரவு நான்கு ஓரத்தையும் பிரித்து முடித்தேன். இனி வரிசை வரிசையாகப் பிரித்து, ஓரம் குறைந்த துண்டுகளுக்குப் பதில் வேறு துண்டு வைத்து, கால் அங்குலம் அளந்து இணைக்க வேண்டும். கறுநீல நூல் போட்ட அந்த மஞ்சள் சதுரத்தை மட்டும் பிரிக்கமாட்டேன். அடியில் ஒரு துணி கொடுத்து, அவள் போட்ட தையலை அப்படியே விட்டுத் தைக்கப்போகிறேன்.