மாயாவி முதலில் திருடன்

சின்ன வயதில் நாங்கள் கொண்டாடிய காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி நல்லவன் ஆவதற்கு முன்னால் கொள்ளைக்காரனாக இருந்தான் என்பது எனக்கு ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. தெரிந்த அன்று மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. நாலைந்து நாள் போனதும், அந்தக் கதையிலேயே உருப்படியான விஷயம் அதுதான் என்று தோன்றிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இவ்வளவு நாள் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. ராஜபாளையத்தில் எங்கள் கைக்கு ஒரு முத்து காமிக்ஸ் வரும்போது அது ஏற்கெனவே இருபது வீடு போய் வந்திருக்கும். வாடகை சைக்கிள் கடை ஒன்று இருந்தது, அங்கே காமிக்ஸும் வாடகைக்கு விடுவார்கள். சைக்கிளுக்கு மணிக்கணக்கு, காமிக்ஸுக்கு நாள் கணக்கு. அட்டை இருக்காது. முதல் நாலு பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். மிச்சத்தைக் கடைக்காரர் கோணி ஊசியால் சணல் போட்டுத் தைத்திருப்பார். தையலுக்குள் போன வசனம் போனதுதான். கதை எப்படித் தொடங்கியது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. மாயாவி என்றால் மாயாவி, அவ்வளவுதான். சாமிக்குப் பிறந்த கதை கேட்போமா?

1972-இல் சிவகாசிக்காரர்கள் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். நான் படிக்க ஆரம்பித்தது அதற்கு ஒரு பத்து வருஷம் கழித்து. அப்போது மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ, இவர்கள்தான் எங்களுக்கு உலகம். அப்புறம் ராணி காமிக்ஸ் வந்து, முகமூடி போட்டுக் குதிரையில் வருகிற பேன்டத்துக்கும் 'மாயாவி' என்றே பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிச் சண்டை 'எந்த மாயாவிடா?' என்றுதான் ஆரம்பிக்கும்.

எங்களுடைய மாயாவி உளவாளி. பேர் லூயிஸ் கிராண்டேல், நிழல் படை என்ற ரகசிய அமைப்பில் உத்தியோகம். வலது கை இரும்பு. அந்த விரலை பிளக்கில் விட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் காற்றில் மிதக்கும். ஏறிய ஷாக்கின் வேகம் அடங்கினால் ஆள் தெரிந்துவிடுவான், மறுபடி ஒரு பிளக் தேட வேண்டும். அந்தக் காலத்து எங்கள் ஊர்க் கரண்டை நம்பி வேலை பார்த்திருந்தால் பாதி நாள் கையும் களவுமாகப் பிடிபட்டிருப்பான்.

என் மாமா பையன் என்னைவிட மூன்று வயது பெரியவன். ஒரு முழுப்பரீட்சை லீவில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளையெல்லாம் சேர்த்து வைத்து, வலது கையில் விரல் விரலாகச் சுற்றிக்கொண்டான். ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் தாளை முறுக்கிக் கூராக்கி வைத்திருந்தான். என்னை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு, ரேடியோ மாட்டும் பிளக்கில் அதை விட்டான். டொப் என்று ஒரு சத்தம். வீட்டில் பீஸ் போய்விட்டது. அவன் அரிசி மூட்டையின் மேல் மல்லாந்து கிடந்தான். மாமா ஓடிவந்து முதலில் கையைப் பார்த்தார், அப்புறம் அறைந்தார். அழுதது ஷாக் அடித்ததற்கா, அறை வாங்கியதற்கா என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டுக்கும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். வாசலில் நின்ற நான் அவனை முழுசாகப் பார்த்துவிட்டேன். (இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். ஆள் பிழைத்தது அவன் நல்ல நேரம். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாயாவி பிறந்தது இங்கிலாந்தில். 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபர் 6-ஆம் தேதி முதல் தடவையாக வந்தபோது, அதில் 'தி ஸ்டீல் க்ளா' என்ற தொடரும் தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர், அறிவியல் புனைகதை நாவல்கள் எழுதியவர். வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த ஆரம்பக் கதைகள் 2021-இல் இங்கிலாந்தில் தொகுப்பாக வந்தன. வாங்கி, அட்டையும் முதல் பக்கமும் இருக்கிற ஒரு மாயாவி புத்தகத்தை வாழ்க்கையில் முதல் முறையாகக் கையில் வைத்திருந்தேன்.

கிராண்டேல் ஆய்வகத்தில் உதவியாளன். பாரிங்கர் என்ற பேராசிரியரிடம் வேலை. வலது கை முன்பே ஒரு ஆய்வக விபத்தில் போய்விட்டது. இரும்புக் கையை மாட்டிக்கொண்டு அதே ஆய்வகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறான். அங்கே இன்னொரு விபத்து. இந்தத் தடவை உயர் மின்னழுத்தம் உடம்பில் பாய்ந்து ஆளே மறைந்துவிடுகிறான்.

மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைவானா என்ற கேள்விக்கெல்லாம் நான் போகவில்லை. 'உதவியாளன்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆராய்ச்சி பேராசிரியருடையது, பேரும் அவருக்கு. கை மட்டும் உதவியாளனுடையது. சிவகாசிப் பக்கம் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பட்டாசு வேலையில் விரல் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். காயம் ஆறியதும் அதே வேலைக்குத்தான் போனார்கள். வேறு எங்கே போவது?

அப்படிப்பட்ட ஒருவன் திடீரென்று யார் கண்ணுக்கும் தெரியாமல் போனால் முதல் வேலையாக என்ன செய்வான்? ஊரைக் காப்பாற்றக் கிளம்புவானா? கிராண்டேல் கொள்ளையடிக்கக் கிளம்பினான். எனக்கு இது நூறு சதவீதம் சரியாகப் படுகிறது. கை போனபோது யாரும் திரும்பிப் பார்க்காத மனுஷன், யாரும் பார்க்க முடியாத நேரத்தில் கஜானாப் பக்கம் போகிறான். சூப்பர் ஹீரோ பிறந்த கதைகளில் பெரும்பாலும் சக்தி வந்த மறு கட்டத்திலேயே நல்ல புத்தியும் சேர்ந்து வந்துவிடும், சோப்பு வாங்கினால் சீப்பு இலவசம் என்பது போல. இங்கே சக்தி மட்டும்தான் வந்தது.

அதே 1962-இல், அதற்குக் கொஞ்சம் முன்னால், அமெரிக்காவில் ஸ்பைடர்மேன் பிறந்திருந்தான். ஆகஸ்ட் மாதம் என்று அட்டையில் போட்ட 'அமேசிங் ஃபேன்டசி' 15-ஆம் இதழ். எழுத்து ஸ்டான் லீ, படம் ஸ்டீவ் டிட்கோ, மொத்தம் 11 பக்கம். கதிர்வீச்சு ஏறிய சிலந்தி கடித்ததும் அந்தப் பையன் என்ன செய்கிறான்? மூன்று நிமிஷம் மல்யுத்த மேடையில் தாக்குப்பிடித்தால் 100 டாலர் என்ற போட்டிக்குப் போகிறான். அடுத்து டிவி நிகழ்ச்சி. காசு பார்க்கத்தான். ஒரு திருடன் கண்ணெதிரே ஓடும்போது காலை நீட்டித் தடுக்கக்கூட இல்லை, எனக்கென்ன வந்தது என்று நிற்கிறான். அந்தத் திருடன்தான் பிறகு அவனை வளர்த்தவரைச் சுட்டுக் கொல்கிறான். (நாமெல்லாம் மாமா என்று சொல்லிப் பழகிவிட்டோம். முறைப்படி பார்த்தால் பென் அவனுக்குப் பெரியப்பா.) பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்ற பிரபலமான வரி, அவர் சொல்லிவிட்டுச் செத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த 11 பக்கத்தில் அவர் அப்படி எதையும் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில், பையன் தலை குனிந்து இருட்டில் நடந்து போகும்போது, கதை சொல்பவரின் குரலாக ஓரத்தில் அது வருகிறது. அவன் காதில் விழுந்ததா என்பதுகூட நமக்குத் தெரியாது.

ஆக, ஒரே வருஷத்தில், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டு பேரும் சக்தி கிடைத்ததும் பைசாவின் பின்னால்தான் போயிருக்கிறார்கள். ஒரு வித்தியாசம், அமெரிக்காவில் அப்போது எல்லாவற்றுக்கும் கதிர்வீச்சுதான். 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு விண்கதிர், 1962 மே மாதம் ஹல்க்குக்கு காமா கதிர், அப்புறம் இந்தச் சிலந்தி. அணுகுண்டுப் பயத்தில் இருந்த தேசம், வேறு எதை எழுதும்? மாயாவி வெளிவந்த அதே அக்டோபரில்தான் கியூபா ஏவுகணை விவகாரத்தில் உலகமே முடிந்துவிடும் போல இருந்தது. ஆனால் அவனுடைய சக்தி மட்டும் சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து வந்தது. அவன் எங்கள் ஊரில் அவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காமா கதிரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஷாக் அடிக்காத வீடு கிடையாது.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். பல்மர் கதையைப் பிரமாதமாகத் தொடங்கிவிட்டு, பாதியில் பயந்துவிட்டார். கிராண்டேல் செய்த அத்தனைக்கும் காரணம் அந்த மின்தாக்குதலால் ஏற்பட்ட மனக்கோளாறு என்று கதை அவனை விடுவித்துவிடுகிறது. அவ்வளவுதான், கழுவித் துடைத்த மாதிரி ஆகிவிட்டான். எனக்கு ஆறவே இல்லை. கொள்ளையடித்தவன் கிராண்டேல்தானே? கரண்டா போய்க் கஜானாவைத் திறந்தது? ஸ்பைடர்மேன் இதில் நிமிர்ந்து நிற்கிறான். அவனுக்கு எந்தச் சாக்கும் கொடுக்கவில்லை. சிலந்தி விஷம் மூளைக்கு ஏறியதால்தான் திருடனை விட்டான் என்று எழுதியிருந்தால் அந்தக் கதையை இன்றைக்கு யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களா? சிறுவர் இதழ், வாராவாரம் அப்பா அம்மா காசு கொடுத்து வாங்கித்தர வேண்டும், திருடனை நாயகனாகவே நீட்டிக்க முடியாது என்று நிர்ப்பந்தம் இருந்திருக்கலாம். புரிகிறது. ஆனாலும் வருத்தம்தான்.

அதற்கப்புறம் நிழல் படையில் சேர்ந்து, விரலில் துப்பாக்கி எல்லாம் பொருத்திக்கொண்டு, கவர்மென்ட் உத்தியோகம் கிடைத்ததும் திருந்திய பையனைப் போல ஆகிவிடுகிறான். நாங்கள் கொண்டாடியது அந்த மாயாவியைத்தான். இப்போது படித்தால் அந்தக் கதைகள் வேகமாக ஓடுகின்றன, நிற்க மாட்டேன் என்கின்றன.

நிற்பது பிளாஸ்கோவின் படம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒருவனை எப்படி வரைவது? யோசித்துப் பாருங்கள், வெறும் அறையைத்தான் வரைய முடியும். அந்த இரும்புக் கை அவருக்குக் கிடைத்த வரம். காற்றில் மணிக்கட்டோடு முடிந்துபோகும் ஒரு கை, விரல்கள் பாதி மடங்கி, மூட்டு ஒவ்வொன்றிலும் வெளிச்சம் பட்டு மின்னும். அது கதவுப் பிடியைத் தொடுவதற்கு ஒரு அங்குலம் முன்னால் நிற்கும். நம் கண் தானாகவே முழங்கையை வரையும், தோளை வரையும், மூச்சை அடக்கி நிற்கும் ஒரு முகத்தை வரையும். அவர் வரையாமல் விட்டதை நாம் வரைகிறோம். மை இருட்டு, அதில் ஒரே ஒரு பளபளப்பு. எங்கள் சைக்கிள் கடைப் பிரதியில், மங்கிப்போன நியூஸ்பிரின்டிலும் அந்தக் கை மட்டும் மங்கவில்லை.

விஞ்ஞானம் படித்த நண்பர்கள் வழக்கம்போல வருவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஒளி உடம்பின் வழியே அப்படியே போனால் விழித்திரையில் எதுவும் பதியாது, மறைந்த மனிதனுக்குக் கண் தெரியாது. சட்டையும் பேண்டும் எப்படி மறைந்தன என்பதற்கும் பதில் இல்லை. சட்டை போட்டுக்கொண்டுதான் மறைகிறான், படத்தில் கை மட்டும்தான் மிஞ்சுகிறது. இருக்கட்டும். பத்து வயதில் எங்களில் ஒருவனுக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. இப்போது வந்தும் எதுவும் குறையவில்லை.

புத்தகத்தில் அந்த விபத்து நடக்கும் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து மாமா பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் இப்போது தென்காசியில் எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர். வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு வெளுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. 'நம்ம ஆளு எப்படி மாயாவி ஆனான்னு பாரு மச்சான், முதல்ல திருடனாம்' என்று எழுதியிருந்தேன். ரொம்ப நேரம் நீல டிக் விழாமல் கிடந்தது. ராத்திரி சாப்பிட்ட பிறகு போன் அடித்தது. எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"அந்த லேப்ல எர்த் போட்டிருந்தா கதையே இல்லடா" என்றான்.