‘ஏன் மிஸ்?’ என்று கேட்கும் வயதில் பரதம்

பள்ளிக்கூடத்தில் பரதம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியைகள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஆண்டு விழாவில்தான் போய் நிற்கும். எந்தப் பாட்டு, எத்தனை பிள்ளைகள், வாடகை உடை எங்கே எடுப்பது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பீரியட் கிடைக்கும். துப்பட்டாவை இழுத்துக் கட்டி வரிசையில் நிற்பதற்கே அதில் பத்து நிமிடம் போய்விடும். மிச்ச நேரம் முழுக்க, மாதக்கணக்கில், ஒரே பாட்டுக்கு ஒத்திகை. மேடையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. விழா முடிந்த மறுவாரம் அதே பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நாட்டடவை, அடிப்படை அசைவுகளான அடவுகளில் ஒன்றுதான் அது, இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், போடச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

ஆறேழு வயதுக் குழந்தைக்கு இந்த முறை ஓடும். ‘இப்படிச் செய்’ என்றால் செய்யும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை அப்படி இல்லை. ‘ஏன் மிஸ்?’ என்று கேட்கும். வாய்விட்டுக் கேட்காவிட்டால் முகத்தில் கேட்கும். உயர்நிலைப் பள்ளியில் நடனம் கற்பிப்பது என்றால் அந்த ‘ஏன்’களுக்குப் பதில் சொல்வதுதான் என்பது என் கட்சி. நாமோ அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்கிவிட்டு அடுத்த அடவுக்குப் போய்விடுகிறோம்.

முதல் ‘ஏன்’ அரைமண்டியில் வரும். “ஏன் மிஸ், முட்டியை மடக்கியே நிக்கணும்?” நிமிர்ந்து நின்று வேகமாகத் தட்டச் சொல்லுங்கள், உடம்பு முழுக்கக் குலுங்கும். அரைமண்டியில் உட்கார்ந்து தட்டினால் இடுப்புக்கு மேலே அசையாது, கைகளுக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். இரண்டையும் செய்து பார்த்த பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது. அடுத்தது முட்டி. பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தொடையைத் திருப்பாமல் உட்காருவார்கள். முட்டி முன்பக்கமாகச் சரியும், உள்ளங்கால் வளைவு தரையோடு அமுங்கிவிடும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும், முட்டி கால்விரல்களுக்கு நேராக இருக்கவேண்டும். அது வரும்வரை எவ்வளவு கீழே உட்காருகிறார்கள் என்பது முக்கியமே இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் சட்டென்று உயரம் கூடும், போன வருடம் இருந்த சமநிலை இந்த வருடம் இருக்காது. அந்த நேரத்தில் சிமென்ட் தரையில் நிறுத்தி “இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு” என்று கத்துவதால் கெடுவது முட்டிதான்.

தாளம் இந்த வயதுக்கென்றே வாய்த்த விஷயம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் 32 மாத்திரை. கடைசி இரண்டு திருதத்தில், அதாவது கடைசி நாலு எண்ணிக்கையில், மட்டும் 16. ‘ததிகிணதொம்’ என்ற சொல்லில் ஐந்து. அதை மூன்று முறை சொல்லித் தீர்மானம், அதாவது முடிப்பு, வைக்கவேண்டும், அடுத்த அடி தாளம் தொடங்கும் இடமான சமத்தில் விழவேண்டும், எங்கே எடுப்பது? விடையைச் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போடுவார்கள், பெஞ்சில் தட்டுவார்கள், சண்டை போடுவார்கள். மூவைந்து பதினைந்து, ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் சரியாக வருகிறது என்று யாராவது கண்டுபிடித்ததும் வகுப்பே சேர்ந்து கத்திச் சொல்லும். நடனம் நமக்கு வராது என்று பின்னால் ஒதுங்கி நிற்கிற பையன்கள்தான் பெரும்பாலும் இதில் முந்துவார்கள். அவர்கள் கையில் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கொடுத்துவிடுங்கள். நடனம் கற்றுக்கொடுத்து, மேடையில் தாளம் தட்டி நடத்துகிற நட்டுவனார்களாக அந்தக் காலத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான் என்றும், அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று நாம் ஆடுகிற வரிசைக்கு வடிவம் கொடுத்த தஞ்சை நால்வர் அண்ணன் தம்பிகள் என்றும் சொன்னால் கூச்சம் பாதி போய்விடும்.

முத்திரைகளில் 28 ஒற்றைக்கைப் பெயர்களை ஒப்பிப்பதோடு நின்றுவிடுகிறோம். பதாகம் ஒன்றே மேகமாகும், காடாகும், ஆறாகும், ‘வேண்டாம்’ என்று தடுக்கும். ஏன் அதே கை இத்தனைக்கும் பொருந்துகிறது என்று கேட்டால் போதும், மீதி வகுப்பை அவர்களே நடத்துவார்கள்.

அபிநயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தலைவனை நினைத்து உருகும் நாயகியைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒன்று சிரிக்கும், இல்லையென்றால் சினிமாவில் பார்த்த முகத்தைக் கொண்டுவந்து ஒட்டும். காத்திருப்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதையும், பேச்சை நிறுத்திய தோழி திரும்பிப் பார்ப்பாளா என்று காத்திருப்பதையும் ஆடச் சொல்லுங்கள். காதலைக் காட்டும் சிருங்காரம் எங்கேயும் ஓடிப்போகாது, பிறகு வரட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ‘ஏன்’ வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் நாம் கவனமாகத் தவிர்க்கிறோம். சிவபெருமான் ஆடினார், பரத முனிவர் எழுதினார், அப்புறம் நேராக ருக்மிணி தேவி. நடுவில் இருந்தவர்கள் எங்கே? கோயிலிலும் அரசவையிலும் சதிர் என்று இதை ஆடிக் காப்பாற்றிய பெண்களைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். 1947-இல் அதைத் தடைசெய்து சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. வழக்கம் ஒழிந்தது நல்லது. ஆனால் அதே காலத்தில், சதிர் ஆடிய குடும்பங்களின் கலை வேறு வீட்டுப் பெண்களிடம் மதிப்போடு போய்ச் சேர்ந்தது. 1936-இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவிக்கே கற்றுக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நட்டுவனார் மரபில் வந்தவர். சதிர் ஆடிய பெண்களின் மரபிலேயே பிறந்து, கடைசிவரை அதை விட்டுக்கொடுக்காமல் ஆடியவர் பாலசரஸ்வதி. சிருங்காரத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்ற ருக்மிணி தேவியும், அதில் சுத்தம் செய்ய எதுவுமில்லை என்ற பாலசரஸ்வதியும் எதிரெதிராக நின்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், எப்படி விவாதிக்கிறார்கள் என்று. “இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது, அரைகுறையாக அதில் தெரிந்துகொள்வதைவிட வகுப்பில் மரியாதையாகக் கேட்பது மேல் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி வகுப்பு, வீட்டில் தேடிவந்து சேரும் வகுப்பு மாதிரி கிடையாது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். தொடக்கத்தில் செய்யும் நமஸ்காரத்தை, இனி இந்தத் தரையை மிதிக்கப் போகிறோம், அதற்காகப் பூமியிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்று விளக்கினால் பெரும்பாலும் எல்லோரும் செய்வார்கள். செய்யாமல் நிற்கிற பிள்ளை நிற்கட்டும், அதற்காக அடவு குறைந்துவிடாது.

ஆண்டு விழாவே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. மேடையில் ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும். பாதிப் பேர் சொற்கட்டை, அதாவது ‘ததிகிணதொம்’ மாதிரியான தாளச் சொற்களை, சொல்லட்டும், பாதிப் பேர் ஒரே அடவை மூன்று காலத்திலும் ஆடட்டும், ஒரு பையன் நட்டுவாங்கம் செய்யட்டும், ஒரு பிள்ளை முன்னால் வந்து அது என்னவென்று விளக்கட்டும். கைத்தட்டல் கொஞ்சம் குறையும். நிர்வாகம் முகம் சுளித்தால் உடை வாடகை மிச்சம் என்று சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வார்கள்.