சேவை மனப்பான்மையும் சைக்கிள் டியூப் சுற்றிய கரண்டியும்

சேலம் கூட்டத்தில் பெரியவர் பேசிய காணொளி இதற்குள் எல்லோர் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்கள் வேலையில் நிலைக்காததற்குக் காரணம் சேவை மனப்பான்மை குறைந்துபோனதுதானாம். அரங்கமே கைதட்டியது, பின்வரிசையில் இருந்த நான் தட்டவில்லை.

11 ஆண்டுகளாக ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இந்த வேலையைச் செய்கிறேன். நான் படித்தது செவித்திறன் குறைபாட்டுக்கான சிறப்பு பி.எட். மலையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளோ மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பார்வைக் குறைபாடு என எல்லாவகையிலும் இருந்தார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. பட்டியல் நீண்டதே தவிர, ஆட்கள் கூடவில்லை. படிக்காததையெல்லாம் பிள்ளைகளிடமே கற்றுக்கொண்டேன், சிலவற்றைத் தப்பாகவும் செய்து.

நாகலூர்ப் பக்கம் ஒரு சிறுவன். கை விரல்கள் மடங்கியே இருக்கும். அம்மா காபித் தோட்டத்துக்குப் போகிறவர். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கரண்டிக் காம்பில் தடிமனாகச் சுற்றி, அதைப் பிடித்துச் சோற்றை வாய்வரை கொண்டுபோக அவனைப் பழக்குவதற்கு 7 மாதம் ஆனது. அதன்பிறகு என்னை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு வந்தவர், ஓட்டுநர் வேலையில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மூன்றே மாதத்தில் போய்விட்டார். பிறகு யாரும் வரவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து நான் திரும்பியபோது கரண்டி அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாதான் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இதில் யாருடைய சேவை மனப்பான்மை குறைந்துபோனது?

தெரிந்துதானே சேர்ந்தீர்கள் என்று கேட்பீர்கள். தெரிந்துதான் சேர்ந்தேன்; பதினோராவது ஆண்டிலும் தொகுப்பூதியத்திலேயே இருப்பேன் என்பது மட்டும் தெரியாது. சிறப்பாசிரியராக வேலை செய்யத் தேவையான இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கான பயிற்சிக் கருத்தரங்குகளுக்குக் கைக்காசு போட்டுப் போய்வர வேண்டும் என்பதையெல்லாம் மேடையில் யாரும் சொல்வதில்லை. தொகுப்பூதியத்தில் இருக்கிறவர்கள் நீங்கள் மட்டுமா என்றும் கேட்பார்கள். இல்லைதான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் கோபப்படுகிறேன். பிள்ளைகளின் வீட்டுக்கே போகாமல் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற ஓரிருவர் எங்களிலும் உண்டு. அவர்களைக் காட்டி எங்கள் எல்லோரையும் அளக்காதீர்கள்.

தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதப்படி பணியிடங்களை உருவாக்கி நிரப்புமாறு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நீதிபதிகள் பணியிடத்தைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் மனப்பான்மையை அளந்துகொண்டிருக்கவில்லை. பெரியவருக்குத்தான் அந்த அளவுகோல் கைவசம் இருக்கிறது போலும். எனக்கு இதுவரை போர்த்திய நான்கு பொன்னாடைகள் பெட்டியில் அப்படியே இருக்கின்றன, வேண்டுமானால் திருப்பித் தருகிறேன். பதிலுக்கு ஒரு பணி நிரந்தர ஆணை போதும்.

நான் திரும்பிப் போன அன்று அந்த அம்மா ஆணியிலிருந்து கரண்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தபடி, "இனிமே நீங்களே வருவீங்களா டீச்சர்?" என்று கேட்டார். வருவேன் என்றுதான் சொன்னேன். அந்த ஆண்டுக்கான பணி நீட்டிப்பு ஆணை அன்றுவரை என் கைக்கு வந்திருக்கவில்லை.